பூட்டைப் பார்த்த தலை

மார்ச் 3

அண்ணா,

என் வீட்டுக்காரரை உள்ளே தள்ளியது உன் கைதான்.

நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். அண்ணியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். இங்கே நானும் பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம்.

போனில் கேட்டால் "லைன் சரியா இல்லைம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஜனவரியில் மெத்தைக் கம்பெனியில் தீப்பிடித்தது உனக்குத் தெரியும். தையல் கூடத்தின் பின்கதவில் உள்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. ஓரம் தைக்கிற பெண்ணும் லேபிள் ஒட்டுகிற அக்காவும் அந்தக் கதவடியிலேயே கருகிப்போனார்கள். வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்த இவர், கத்தல் கேட்டு ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டு போய் அந்தக் கதவை இடித்துத் திறந்தார். ஒன்பது பேர் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வந்தார்கள். இப்போது கம்பெனி சொல்கிறது: மெத்தை உறைக் கட்டுகளைத் திருடிப் பதுக்கி வைப்பதற்காக இவரே சொந்தப் பூட்டுப் போட்டாராம். இல்லையென்றால் அந்தக் கதவைத்தான் இடிக்கவேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். கத்துகிற சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதானே இடிப்பார்கள்?

பதினோரு பேரை வேனில் ஏற்றி, மூளை அலையைப் பார்க்கிற உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். "சொந்த விருப்பத்தில் வருகிறேன்" என்று கையெழுத்து. வரமாட்டேன் என்றால் குற்றவாளி என்று அர்த்தமாம். என்ன விருப்பம் பார்! பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. "ஏழாம் எண் ஊழியரின் மூளை அந்தப் பூட்டை அறிந்திருக்கிறது." இவர் அந்தப் பூட்டைப் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மறுநாள் காலையில் போலீஸ் வந்தது.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தொப்பி மாட்டினது மச்சான்தான். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. சரி, அவர் வேலைக்கு ஏதாவது ஆகிடுமோன்னு நானும் காட்டிக்கல."

அவர் உன் வேலையைப் பார்த்தார். நீ யாரைப் பார்த்தாய்?

உன் தங்கை


மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். உன் கடிதம் கண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். அது நியாயம்தான். ஆனால் என் வேலை என்ன என்று புரிந்துகொள். நான் தொப்பியை மாட்டுகிறேன், ஜெல் வைக்கிறேன், அலைகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான். ரிப்போர்ட் எழுதுவது பேராசிரியர்.

சோதனை இதுதான். பல பூட்டுகளின் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவோம். ஏற்கெனவே பார்த்த பொருள் என்றால், படம் தெரிந்து அரை நொடிக்குப் பிறகு பின்மண்டையின் இடப்பக்கத்தில் மின்னலை கொஞ்சம் மேலே ஏறும். பார்க்காத பொருள் என்றால் அந்த ஏற்றம் இருக்காது. ஒரு தடவையில் தெரியாது. நாற்பது ஐம்பது தடவை காட்டிச் சராசரி எடுத்தால்தான் அந்த மேடு கண்ணுக்குத் தெரியும். எல்லாப் பூட்டுகளையும் அதே அளவு காட்டுவதால், சோதனையின்போது பழகுவது எல்லாவற்றுக்கும் சமமாகிவிடும். இதில் யாரும் கைவைக்க முடியாது. ஆள் பொய் சொல்லலாம், அலை பொய் சொல்லாது.

மாப்பிள்ளை நல்லவர் என்று எனக்குத் தெரியும். நல்ல வக்கீலாகப் பார். ஆய்வுக்கூட முகவரிக்கு எழுதாதே, தபால் பேராசிரியர் மேசை வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

நலம். பாப்பாவுக்கு இருமல் விட்டது. போலீஸ் வந்ததிலிருந்து நகம் கடிக்கிறாள்.

அலை பொய் சொல்லாது என்கிறாய். சரி. கேள்வி கேட்டவன் பொய் சொல்லலாம் இல்லையா? அந்தப் பூட்டின் சாவி மேலாளர் அறையில் ஆணியில் தொங்கியது என்று தையல் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். கக்கூஸுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே காற்று வாங்குகிறார்களாம். அதற்காக மேலாளர் பூட்டச் சொன்னது. மேலாளர் தலைக்கு ஏன் தொப்பி மாட்டவில்லை? அளவு பத்தவில்லையா?

நீ வேலை பழகிய புதிதில் என் தலையில் அந்தத் தொப்பியை மாட்டி, ஜெல்லை அப்பி, "அசையாதே, கண்ணைச் சிமிட்டாதே, நினைக்கக்கூட நினைக்காதே" என்று முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாய். மூன்று தடவை அலசியும் பிசுக்குப் போகவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து எழுதாதே.

நேற்று அவரைப் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இளைத்துவிட்டார். பேச்சு வாக்கில் சொன்னார்: "ரெண்டு தடவை காட்டினாங்க. மொத தடவை பட்டன் அமுக்கச் சொல்லல. சும்மா ஓடிச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, பழசுன்னா இந்தப் பட்டன், புதுசுன்னா அந்தப் பட்டன்னு சொல்லி திரும்பவும் காட்டினாங்க."

கூட வந்த பத்துப் பேரில் நாலு பேரைப் பிடித்துக் கேட்டேன். ஒருவருக்கும் அப்படி இல்லை. ஒரே தடவைதானாம்.

அந்த முதல் தடவை என்ன?

தங்கை


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அண்ணிக்கு முதுகுவலி. பெரியவனுக்குப் பரீட்சை. ஆய்வுக்கூடத்தில் இயந்திரத்தை சர்வீஸ் செய்தார்கள், மூச்சுவிட நேரமில்லை.

பாப்பாவின் நகக்கடிக்கு வேப்பெண்ணெய் தடவிப் பார். பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்கிறார்களா? உன் வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரி செய்தார்களா? அண்ணி கேட்கச் சொன்னாள். வெயில் ஏறிவிட்டது, நடந்து அலையாதே.

வழக்கு விஷயத்தில் பொறுமையாக இரு. எல்லாவற்றையும் கிளறினால் மாப்பிள்ளைக்கே பாதகமாகப் போகலாம். தீ விபத்துக்குப் போட்டிருக்கிற விசாரணைக் குழுவில் படித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உன்னை நினைக்காத நாள் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

நான் ஒரு கேள்வி கேட்டேன். நான் கேட்காத ஏழு விஷயங்களுக்கு நீ பதில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், குழாயையும் சேர்த்து ஏழு. குழாய் ஒழுகுகிறது. போதுமா?

இருபத்துநாலு நாள் உன் பதிலுக்குக் காத்திருந்தேன். அந்த இருபத்துநாலு நாளும் அவர் உள்ளே இருந்தார். வெளியே இருந்தால் அவர் என்ன செய்திருப்பார் தெரியுமா? செத்தவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார். ஓரம் தைக்கிற பெண்ணின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "உன் புருஷன்தான் பூட்டினானாமே, மிஷினே சொல்லிடுச்சாமே" என்றாள். அவளை நான் திட்ட முடியுமா? என்ன சொல்லித் திட்டுவது? உங்கள் பேராசிரியரின் கையெழுத்தை வைத்துக்கொண்டல்லவா அவள் பேசுகிறாள்!

என் பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். சங்கத்தில் சண்டை போட்டே பெயர் வாங்கியவள். எல்லாரும் வாயாடி என்பார்கள், அவளும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள். உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க அண்ணன் நல்லா எழுதுறாரு. கொழம்புல எல்லாம் இருக்கு, உப்பைத் தவிர" என்றாள்.

சரி, முதல் கேள்வியை விடு. வேறு ஒன்று கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும். அந்த அலை ஏறினால், அவர் பூட்டை எங்கேயோ பார்த்திருக்கிறார் என்று தெரியும். எங்கே பார்த்தார், எப்போது பார்த்தார் என்று அது சொல்லுமா?

தங்கை


ஏப்ரல் 29

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லாது.

அண்ணன்


மே 6

அண்ணா,

ஒரு வார்த்தைக்குப் பதினாறு நாள். ஆனாலும் உன் வாழ்நாளில் நீ எழுதிய உருப்படியான கடிதம் அதுதான்.

நாங்கள் எல்லாரும் நலம். நேற்று எங்களை நீ பார்த்தாய், நலமாகத்தானே இருந்தோம்? இரண்டாவது மாடி ஜன்னலில் திரையை விலக்கிப் பார்த்தது நீதான். எனக்கு உன் தலை தெரியும். தொப்பி இல்லாமலே தெரியும்.

எப்படி வந்தோம் என்று சொல்கிறேன். குற்றப்பத்திரிகையின் நகலில் அந்தப் பூட்டின் படம் இருக்கிறது. பித்தளைப் பூட்டு, ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு. அதை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், கோபம் ஆறிவிடக் கூடாது என்று. இரண்டு மாதமாகச் சோறு வடிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன். உன் கடிதம் வந்த அன்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது. என் தலையிலும் இப்போது அந்தப் பூட்டு இருக்கிறது! நான் அந்தக் கம்பெனிக்குள் காலே வைத்ததில்லை. தொப்பி மாட்டினால் என் பின்மண்டையிலும் அலை ஏறும். அப்படியானால் நானும் பூட்டினேனா?

வாயாடியிடம் சொன்னேன். அவள் படத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். "நல்லாப் பாத்துக்கங்க, நாளைக்கு மண்டையில இருக்கணும்" என்று ஒவ்வொருத்தி முகத்துக்கு நேராகவும் காட்டினாள். நாலு நாள் காட்டினாள். தீயிலிருந்து வெளியே வந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மொத்தம் பதினாலு பேர், தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வந்தோம். எண்ணெய் இருந்தால் அலை சரியாக வராது என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

வாசல் காவலாளி கேட்டார்: "எங்கம்மா எல்லாரும்?"

"தொப்பி மாட்டிக்க வந்திருக்கோம்" என்றாள் வாயாடி.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"பூட்டுக்கு இருந்துச்சா அப்பாயின்ட்மென்ட்? கூப்பிடுங்க உங்க புரொபசரை. பூட்டைப் போட்டவங்க பதினாலு பேரு வந்திருக்கோம்னு சொல்லுங்க."

பேராசிரியர் இறங்கி வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். "இது விஞ்ஞானம்மா, விளையாட்டு இல்ல" என்றார்.

"நாங்களும் விளையாட வரல சார். என் தலையில மாட்டுங்க. நான் அந்த வாசப்படியையே மிதிச்சதில்ல. அலை ஏறலைன்னா உங்க ரிப்போர்ட் உண்மை, நான் வாயைப் பொத்திட்டுப் போறேன். ஏறிச்சுன்னா என்னையும் உள்ள போடுங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "நீங்க படத்தை முன்னாடியே பாத்திருக்கீங்களே, அப்ப ஏறத்தான் செய்யும்" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. விறுவிறென்று உள்ளே போய்விட்டார். ஐந்து மணி வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் தொப்பி கிடைக்கவில்லை.

படத்தை முன்னாடியே பார்த்திருந்தால் ஏறும். அவருக்கு இரண்டு தடவை காட்டினீர்கள். இனி நீ எழுதவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

தங்கை


மே 20

என் தங்கைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

அன்று பதினோரு பேர். மாப்பிள்ளை ஏழாவது. ஆறு பேர் முடிந்ததும் கம்பெனி ஆள் புதிதாக ஒரு படத்தொகுப்பு கொண்டுவந்தார். பழையதில் பூட்டு மங்கலாக இருக்கிறதாம். படங்களை மாற்றினால் ஒரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு படம் திரையில் வரும்போதும் அலைக்கோட்டின் அடியில் ஒரு குறி விழவேண்டும். குறி விழாவிட்டால் எந்த அலை எந்தப் படத்துக்கு என்று தெரியாது. திரையின் மூலையில் ஒட்டியிருக்கிற சின்ன ஒளியுணரியிலிருந்து அந்தக் குறி வருகிறது. அதனால் திரையை அணைத்துவிட்டு ஓட்ட முடியாது. எப்போதும் ஆள் இல்லாத அறையில் ஓட்டுவோம். அதுதான் விதி.

மாப்பிள்ளை ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெல் வைத்து முடித்திருந்தேன். கம்பெனி ஆள் "வேன் நிக்குது, வேன் நிக்குது" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். வேறு யாராக இருந்தாலும் தொப்பியோடு வெளியே உட்கார வைத்துவிட்டு ஓட்டியிருப்பேன். இவரை வெளியே அனுப்ப மனம் வரவில்லை. வெளியே அந்த ஆள் ஒவ்வொருவரிடமும் குனிந்து என்னவோ சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார். நம் மாப்பிள்ளை அவரிடம் மாட்டவேண்டாம், என் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். "சும்மா மெஷின் செக் பண்றது" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. பன்னிரண்டு பூட்டுகளையும் பார்த்தார். அதில் அந்தப் பூட்டு ஒன்றுக்குத்தான் சிவப்புச் சொட்டு. ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது.

ஓட்டியதைப் பதிவேட்டில் எழுதவில்லை. முதலில் அவசரத்தில் விட்டுப்போனது. அலை ஏறியதைப் பார்த்த பிறகு பயத்தில் எழுதவில்லை. மார்ச்சில் உன் இரண்டாவது கடிதம் வந்ததும் பேராசிரியரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் போயாச்சு. இப்ப இதைச் சொன்னா இத்தனை வருஷ ஆராய்ச்சியையும் குப்பைன்னுவாங்க. நீயும் போவே, கூடமும் போகும்" என்றார்.

அந்த ஓட்டம் இயந்திரத்தில் பதிவாகியிருக்கிறது. நேரம் காலை பதினொன்று ஐம்பத்திரண்டு. நான் அழிக்கவில்லை. அந்த அளவுக்காவது மனிதனாக இருக்கிறேன்.

ஆனால் என்னால் குழுவின் முன்னால் வந்து நிற்க முடியாது. எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். இரண்டு பிள்ளைகள். அண்ணிக்கு இதெல்லாம் தெரியாது. வக்கீலிடம் பொதுவாகச் சொல், இப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டு என்று. என் பெயர் வேண்டாம்.

படித்ததும் இதை எரித்துவிடு.

உன் அண்ணன்


மே 24

அண்ணா,

எரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இனி எதையும் எரிப்பதாக இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், உனக்காகவும் சேர்த்து. மூன்றாவது தடவை கோபம் வந்தது. பாசத்தில் உள்ளே வைத்துக்கொண்டாய், சரி. அந்தப் பாசம் பட்டன் அமுக்குகிறவரை இருந்தது, அதற்கப்புறம் எங்கே போயிற்று? தெரியாத ஆள் மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்களே, உன் முகத்தைப் பார்த்தபோது அவர் பின்மண்டையில் எழுந்திருக்குமே ஒரு மேடு, அதை எந்த ரிப்போர்ட்டில் எழுதினீர்கள்?

வேலை போய்விடும் என்கிறாய். போகட்டும். இவருடைய வேலை போகவில்லையா? பிள்ளைகள் என்கிறாய். பாப்பா யாருடைய பிள்ளை? கூடம் போய்விடும் என்றால், யாருக்குக் காட்டினோம், எத்தனை தடவை காட்டினோம் என்று எழுதி வைக்காத கூடம் இருந்து யாருக்கு என்ன லாபம்? உங்கள் இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னது. பாவம், அது ஒன்றுதான் அந்த அறையில் உண்மை பேசியது.

உன் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிடு என்கிறாள் வாயாடி. கொடுக்கலாம். வீட்டுக்குள்ளேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று கம்பெனி வக்கீல் சிரிப்பார். காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், உன்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பதினொன்று ஐம்பத்திரண்டு என்று நீ சொல்லி, அந்தப் பதிவைத் திறந்து காட்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஜூன் பத்தாம் தேதி அமர்வு. இயந்திரத்தை இயக்கியவர் சாட்சி சொல்லவேண்டும் என்று எங்கள் வக்கீல் மனு கொடுத்து, குழு ஏற்றுக்கொண்டுவிட்டது. அழைப்பு உனக்கு வந்திருக்கும். வா.

அவரிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "மச்சான் வருவாரு" என்றார். என்னை விட அவருக்கு உன் மேல் நம்பிக்கை அதிகம்.

தங்கை


ஜூன் 11

அண்ணா,

நேற்று உன்னை இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

"இயந்திர இயக்குநர்" என்று சேவகர் வராந்தாவில் வந்து கூப்பிட்டார். யாரும் எழவில்லை. உள்ளே போய்விட்டுத் திரும்ப வந்து இன்னொரு தடவை கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாகக் குழுத் தலைவர் படித்தார். கையெழுத்து உன்னுடையது இல்லை, பேராசிரியருடையது. உடம்புக்கு என்ன? நிஜமாகவே சுகமில்லை என்றால் மருந்து சாப்பிடு, பிறகு வா.

நாங்கள் பதினாலு பேரும் நாள் முழுக்க அந்த வராந்தாவில் நின்றோம். பதினைந்தாவதாக ஒருத்தி வந்து நின்றாள். ஓரம் தைக்கிற பெண்ணின் அம்மா. பூட்டின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "செவப்புச் சொட்டு வச்ச பூட்டுக்குச் சாவி மேலாளர் ரூம்லதான் தொங்குதுன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா. நானும் சாட்சி சொல்றேன், எழுதிக்கச் சொல்லு" என்றாள். எழுதிக்கொள்ள மறுத்தார்கள், செத்தவள் சொன்னது சாட்சி ஆகாதாம். அவள் போகவில்லை. சாயங்காலம் வரை கதவுக்கு நேராக நின்றாள். உள்ளே போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தான். அவளுக்கு என்ன வேலை, என்ன கூடம், என்ன பயம்? மகளே போய்விட்டாள், அப்போதும் வந்து நிற்கிறாள்.

அவரை வண்டியில் ஏற்றும்போது ஜன்னல் வழியாக வராந்தாவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். என்னைத் தேடவில்லை, நான் எதிரிலேயே நின்றேன்.

அமர்வைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஜூன் இருபத்தைந்து, காலை பத்தரை மணி. அதுதான் கடைசி, அதற்கப்புறம் அறிக்கை எழுதிவிடுவார்களாம். பத்தரை வரை உன் கடிதம் என் கையில் இருக்கும். அதன் பிறகு அது குழுவின் மேசையில் இருக்கும், அவர்கள் சிரித்தாலும் சரி. ஆனால் எனக்கு அந்தக் காகிதம் வேண்டாம் அண்ணா, நீ வேண்டும்.

அண்ணியிடம் சொல்லிவிட்டு வா, சொல்லாமல் வா, பேராசிரியரைக் கேட்டு வா, கேட்காமல் வா. அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு வா. எழுந்து நின்று, யாருக்குக் காட்டினாய், எத்தனை தடவை காட்டினாய், யார் கதவைத் தட்டினார்கள் என்று உன் வாயால் சொல்.

வந்து சொல்.

உன் தங்கை